சபைக்குச் சம்பள ஆள் வைக்கும் முன்: மதுரைப் பக்கத்து மெதடிஸ்ட் சபைக் கமிட்டிக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். திருமங்கலம் பக்கம் சுமார் 150 குடும்பங்கள் உள்ள ஒரு மெதடிஸ்ட் சபை. போதகர் ஒருவர்தான், அவரே இன்னும் இரண்டு கிராமச் சபைகளையும் பார்க்கிறார். ஆபீஸ் வேலைக்கு ஒருவர், வாலிபர் ஊழியத்துக்கு ஒருவர், கீபோர்டு வாசிக்க ஒருவர், ஆலயத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் என்று நான்கு பேரைச் சம்பளத்துக்கு வைக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு. எங்கே தொடங்குவது, எவ்வளவு கொடுப்பது, யார் தேர்ந்தெடுப்பது என்று சபைப் பொருளாளர் கேட்டிருக்கிறார்.

நான் மதுரையில் சி.எஸ்.ஐ. சபை ஒன்றில் பல வருடம் கமிட்டியில் இருந்தவன், என் பிழைப்பும் ஆள் எடுக்கும் துறையில்தான். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) அமைந்தபோது பிரிட்டிஷ் மெதடிஸ்ட்கள் அதில் சேர்ந்தார்கள், அமெரிக்க வழி மெதடிஸ்ட்கள் சேராமல் இருந்து 1981-ல் இந்திய மெதடிஸ்ட் திருச்சபை ஆனார்கள். நிர்வாக முறையில் வித்தியாசம் உண்டு, ஆனால் சம்பளத்துக்கு ஆள் வைப்பதில் வரும் சிக்கல் இரண்டு பக்கமும் ஒன்றுதான்: வேலை என்ன என்று முடிவாகும் முன்பே ஆள் யார் என்று முடிவாகிவிடுகிறது. "நம்ம செயலர் அண்ணன் மகன் சும்மாதான் இருக்கான், கம்ப்யூட்டர் தெரியும்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு நடக்கும் விவாதம் எல்லாம் அந்தப் பையனைப் பற்றியதாகவே இருக்கும். வேண்டாம் என்று சொல்கிறவர் அந்தக் குடும்பத்துக்கு விரோதி ஆகிவிடுவார். அதனால் முதல் தீர்மானமாக இதைப் போடுங்கள்: வேலை விவரமும், மூன்று வருடத்துக்கான பணமும், யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்பதும் எழுத்தில் ஒப்புக்கொள்ளப்படும்வரை கமிட்டியில் யார் பெயரையும் எடுக்கக் கூடாது. கூட்டக் குறிப்பில் இதை அப்படியே எழுதி வையுங்கள்.

வேலை விவரம் எழுதுவது எப்படி? உட்கார்ந்து யோசித்து எழுதினால் "ஆலயப் பராமரிப்பு மற்றும் இதர பணிகள்" என்றுதான் வரும். அந்த "இதர"தான் ஆளைக் கொல்லும். அதற்குப் பதில், இப்போது அந்த வேலைகளைச் சம்பளம் இல்லாமல் யார் யார் செய்கிறார்களோ, அவர்களிடம் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்து இரண்டு வாரம் எழுதச் சொல்லுங்கள். என்ன செய்தார், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், யார் சொல்லிச் செய்தார். கடைசிக் கேள்வி முக்கியம். ஒரு சபையில் ஆலயப் பணியாளர் அப்படி எழுதிய நோட்டை நான் பார்த்திருக்கிறேன். காலை ஐந்துக்கு மணி அடித்தது, தண்ணீர் மோட்டார் போட்டது, பலிபீடத் துணி மாற்றியது, மைக் செட் ஒயர் சுருட்டியது எல்லாம் வரிசையாக இருந்தது. நடுநடுவே "ஐயா வீட்டுக்கு கேஸ் சிலிண்டர்", "பாப்பாவை ஸ்கூலில் விட்டது", "செயலர் வீட்டுக் கல்யாணத்துக்கு பந்தலுக்கு நின்றது" என்றும் இருந்தது. ஒரு வாரத்தில் பாதி நேரம் சபை வேலையே இல்லை. அவர் குறையாகவும் எழுதவில்லை, கேட்டதை எழுதினார், அவ்வளவுதான். கமிட்டியில் அதை வாசித்தபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. போதகர் குடும்பத்துக்கு உதவி தேவை என்றால் அதற்குத் தனியாக ஏற்பாடு செய்யலாம், தப்பில்லை, ஆனால் சபைச் சம்பளத்தில் வீட்டு வேலை கலக்கக் கூடாது என்று உங்கள் தாளில் ஒரு வரி இருக்கட்டும்.

நோட்டுகள் கையில் வந்ததும் நான்கு ஆள் தேவையில்லை என்று உங்களுக்கே தெரியும் என்பது என் கணிப்பு. கீபோர்டு வாசிப்பவர் ஞாயிறு ஆராதனையும் சனிக்கிழமைப் பயிற்சியும்தான் பார்ப்பார், அவருக்கு ஆராதனைக் கணக்கில் மதிப்பூதியம் போதும். மதுரையில் நன்றாக வாசிக்கிறவர்கள் ஒரே ஞாயிறில் இரண்டு மூன்று ஆலயம் போகிறவர்கள், அவர்களை மாதச் சம்பளத்தில் கட்டிப்போட உங்களால் முடியாது. எட்டு மணி ஆராதனைக்கு ஏழே முக்காலுக்கு இருக்க வேண்டும், கீர்த்தனைகள் தெரிந்திருக்க வேண்டும், வராத வாரம் முன்னாடியே சொல்ல வேண்டும் என்று மூன்று விஷயத்தை எழுதிக் கையெழுத்து வாங்கினால் சரி.

வாலிபர் ஊழியருக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் முன் ரொம்ப யோசியுங்கள், குறிப்பாக மெதடிஸ்ட்காரர்கள் யோசிக்க வேண்டும். 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆலயக் கட்டடக் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், அவர் வாரா வாரம் போய் வாங்கி வர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். வசூலுக்குப் போன தலைவர்கள் வீட்டு நிலவரத்தையும் பார்த்துவிட்டு வந்தார்கள், யார் சுகமில்லை, யார் குடிக்கிறார், யார் வீட்டில் சண்டை என்று. அதைக் கண்ட, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, அதையே வகுப்புக் கூட்டம் என்ற சிறு குழுக் கூட்டமாக வளர்த்தார். சம்பளம் வாங்காத விசுவாசிகள் ஒருவரையொருவர் விசாரிப்பதில்தான் உங்கள் சபை மரபே எழுந்து நின்றது. வீடு சந்திப்பதற்கும் பிள்ளைகளோடு பேசுவதற்கும் ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்ததும் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொள்வார்கள், "அதுக்குத்தான் ஆள் போட்டிருக்கோமே" என்று. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களிடமும் இதே பேச்சு வரும். ஆகவே, ஏற்கனவே மனமுவந்து நடக்கும் வேலைக்குச் சம்பளம் போடாதீர்கள். மனமுவந்து செய்கிறவர்களைத் தாங்கிப்பிடிக்கும் வேலைக்குப் போடுங்கள். வாலிபர்களுக்கு வார இறுதியில் வழிகாட்ட ஒருவர் வேண்டும் என்றால் அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள், களப்பணிக்கு மாணவர்கள் கிடைக்கக்கூடும்.

மிஞ்சுவது இரண்டு: ஆபீஸ் உதவியாளர், ஆலயப் பணியாளர். இதில் முதலில் யார் என்று கேட்டால் என் பதில் ஆபீஸ் உதவியாளர். மூன்று சபையைச் சுமக்கும் போதகருக்கு ஞானஸ்நானச் சான்று எழுதுவதிலும், பதிவேடு தேடுவதிலும், ஆராதனை முறை டைப் அடிப்பதிலும் போகும் நேரம் மிச்சமானால் அது நேராக ஜனங்களுக்குப் போகும். அரை நாள் வேலையாகவே தொடங்கலாம்.

இனி பணம். உதாரணத்துக்கு மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,44,000. கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதச் சம்பளம், 12,000. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) என்று தனியாக எடுத்து வைக்க வேண்டும்: ஒரு வருடச் சேவைக்கு 15 நாள் ஊதியம், மாதத்தை 26 நாளாகக் கணக்கிட்டால், மாதச் சம்பளத்தில் 4.81 சதவீதம் வரும், அதாவது வருடத்துக்குச் சுமார் 6,925 ரூபாய். பிரதமரின் ஆயுள் காப்பீட்டுத் திட்டம் 436 ரூபாய், விபத்துக் காப்பீட்டுத் திட்டம் 20 ரூபாய், இரண்டையும் சபையே கட்டட்டும், ஒவ்வொன்றிலும் 2 லட்சம் ரூபாய் பாதுகாப்பு (ஆயுள் திட்டத்தில் 50 வயதுக்குள் சேர வேண்டும், விபத்துத் திட்டத்துக்கு 70 வயதுவரை). ஆக முதல் வருடம் சுமார் 1,63,400. வருடம் 5 சதவீத உயர்வு போட்டால் மூன்று வருடத்துக்கு ஏறத்தாழ 5,15,000 ரூபாய். இந்த எண்ணைத்தான் சபை மக்கள் முன் வைக்க வேண்டும். "மாசம் பன்னிரண்டாயிரம்தானே" என்று சொல்லித் தொடங்கிய சபைகள் இரண்டாம் வருடமே சம்பளத்தை இழுத்தடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

வரவுப் பக்கம் கணக்குப் போடும்போது மாதா மாதம் வரும் சந்தாவையும் ஞாயிற்றுக் காணிக்கையையும் மட்டும் எடுங்கள். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை விடும் ஏலத்தை எடுக்காதீர்கள். ஒரு வாழைத்தாருக்கு ஐயாயிரம் ஏலம் கேட்கிறவர் அந்த வருடம் பிள்ளைக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் கேட்கிறார், அடுத்த வருடமும் கேட்பார் என்று நம்பி யாரும் சம்பளம் வைக்க முடியாது. ஏலப் பணத்தில் ஒரு பங்கை ஆறு மாதச் சம்பளத்துக்கு ஈடான கையிருப்பாக வங்கியில் போட்டு வையுங்கள், கையிருப்பு சேர்ந்த பிறகு ஆள் எடுங்கள். வெளிநாட்டு உதவி வருகிற சபை என்றால் அந்தப் பணத்திலிருந்து சம்பளம் கொடுக்கும் யோசனையை வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் தெரிந்த ஆடிட்டரிடம் காட்டாமல் ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள்.

12,000 என்று நான் சொன்னது கணக்குக்கு மட்டும். சம்பளத்தை முடிவு செய்ய, தமிழ்நாடு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியத்தைப் பாருங்கள், அதற்குக் கீழே போகவே கூடாது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, ஊதியத் தொகுப்பின்படி குறைந்தபட்ச ஊதியம் எல்லாத் தொழிலாளருக்கும் பொது. "ஊழியம்தானே, தேவன் பார்த்துக்கொள்வார்" என்று ஒரு குடும்பத் தலைவனிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான் என்பது லூக்கா 10-ல் ஆண்டவரே சொன்னது. வருங்கால வைப்பு நிதி பொதுவாக 20 பேர் உள்ள நிறுவனத்துக்கும், ஈ.எஸ்.ஐ. 10 பேர் உள்ள நிறுவனத்துக்கும் வரும். உங்களிடம் இரண்டு பேர்தான் என்று விட்டுவிடாதீர்கள். சபைக்குச் சொந்தமாகப் பள்ளியோ விடுதியோ இருந்து, எல்லாம் ஒரே நிர்வாகத்தின் பெயரில் இருந்தால் எல்லாரையும் சேர்த்து எண்ணும் கேள்வி வரும். உங்கள் திருச்சபையின் மாவட்டக் கண்காணிப்பாளரிடமும் ஆடிட்டரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: சட்டப்படி இந்த ஆளின் முதலாளி யார், உள்ளூர்ச் சபையா, மேலே உள்ள அமைப்பா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

யார் தேர்ந்தெடுப்பது என்பதற்கு உங்கள் உலகளாவிய குடும்பத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்க ஐக்கிய மெதடிஸ்ட் சபையின் சட்டதிட்டப்படி ஒவ்வொரு உள்ளூர்ச் சபையிலும் போதகர் மற்றும் பணியாளர் உறவுக்கென்று ஒரு தனிக் குழு இருக்க வேண்டும். ஐந்து பேருக்குக் குறையாமல், ஒன்பது பேருக்கு மிகாமல். போதகரின் நெருங்கிய குடும்பத்தாரோ பணியாளரோ பணியாளரின் நெருங்கிய குடும்பத்தாரோ அதில் இருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும், பேசுவது வெளியே போகக் கூடாது. அவர்கள் சட்டம் உங்களைக் கட்டாது, ஆனால் அந்த ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஐந்து பேர் போதும், அதில் இரண்டு பெண்கள், ஒருவர் முப்பது வயதுக்குக் கீழே. விண்ணப்பம் போட்டவருக்குச் சொந்தக்காரர் யாராவது குழுவில் இருந்தால் அந்தத் தேர்வு முடியும்வரை அவர் விலகி நிற்க வேண்டும். 150 குடும்பத்தில் எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான்தானே என்று கேட்பீர்கள். அதனால்தான் விதி தேவை, சொந்தம் குறைவாக இருந்தால் விதியே தேவைப்படாது.

மெதடிஸ்ட் முறையில் போதகர் இடமாற்றத்தில் போய்விடுவார், சம்பள ஆள் இருப்பார். ஆகவே அந்த ஆள் போதகருடைய ஆளாக உள்ளே வந்தால் அடுத்த போதகர் வந்ததும் வெளியே போக வேண்டியதுதான். ஒரு சபையில், பெயர் வேண்டாம், பல வருடம் வேலை பார்த்த ஒரு அண்ணனைப் புதிய போதகர் வந்த சில மாதத்தில் ஒரு நோட்டீஸ்கூட இல்லாமல் அனுப்பினார்கள். நியமனக் கடிதமும் இல்லை, எத்தனை வருடம் இருந்தார் என்பதற்கு ஒரு தாளும் இல்லை. அவர் மனைவி கமிட்டியார் வீடு வீடாகப் போய்க் கேட்டார். எல்லாரும் பரிதாபப்பட்டார்கள், யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. நினைத்தால் இன்னமும் எனக்கு மனசு ஆறவில்லை. ஆகவே கடிதம் சபையின் பெயரில் இருக்கட்டும், செயலரும் போதகரும் கையெழுத்துப் போடட்டும். தினசரி வேலையைச் சொல்கிறவர் ஒரே ஒருவராக இருக்கட்டும், அது போதகராகவே இருக்கலாம், ஆனால் சம்பளம், விடுப்பு, நிறுத்துவது மூன்றும் குழுவின் கையில். தகுதிகாண் காலம் ஆறு மாதம், இரண்டு பக்கமும் ஒரு மாத நோட்டீஸ், சம்பளம் ஐந்தாம் தேதிக்குள் வங்கிக் கணக்கில். ஞாயிறு அவருக்கு வேலை நாள், எனவே திங்களோ செவ்வாயோ வார விடுமுறை என்று கடிதத்திலேயே இருக்கட்டும். அன்றைக்குப் போன் பண்ணக் கூடாது என்பதையும் கமிட்டியாருக்குச் சொல்லி வையுங்கள்.

ஆளைத் தேடும்போது அறிவிப்பை ஆராதனை முடிவில் வாசிப்பதோடு நிறுத்தாமல், பக்கத்துச் சபைகளுக்கும் அனுப்புங்கள். ஆபீஸ் உதவியாளர் உங்கள் சபையைச் சேராதவராக இருந்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம், பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். யார் எவ்வளவு சந்தா பாக்கி, எந்த வீட்டுக் கல்யாணம் எதனால் தள்ளிப்போகிறது என்பதெல்லாம் அந்த மேஜை வழியாகத்தான் போகும். வெளியாளிடம் அது நிற்கும், உள்ளாளிடமிருந்து அடுத்த ஞாயிறுக்குள் ஊருக்கே தெரியும். நேர்முகத்தில் விசுவாச அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லச் சொல்லி நேரத்தைக் கடத்தாமல், பழைய பதிவேட்டைக் கொடுத்து ஒரு குறிப்பிட்ட ஞானஸ்நானப் பதிவைக் கண்டுபிடித்துச் சான்றாக எழுதச் சொல்லுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கும் ஒரு பக்கத்தை யூனிகோடில் அடித்துத் தரச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் ஆளின் கையும் பொறுமையும் தெரிந்துவிடும்.

ஆலயப் பணியாளர் விஷயத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கூட்டுவது, கழிப்பறை கழுவுவது, கல்லறைத் தோட்ட வேலை என்றால் நம் சபைகளில் ஒரு குறிப்பிட்ட தெருவைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆபீஸ் நாற்காலிக்கு வேறு தெரு. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடித்துவிட்டு வேலைப் பங்கீட்டில் ஜாதி பார்த்தால் அந்தத் திருவிருந்துக்கு என்ன பொருள் என்று கமிட்டி தன்னைத்தானே கேட்க வேண்டும். இரண்டு பணிக்கும் ஒரே அறிவிப்பு, ஒரே மாதிரி விண்ணப்பம், எந்தப் பணிக்கும் யாரும் போடலாம் என்று வைத்தால் பாதி சரியாகும். மீதிப் பாதி, அவரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. ஐம்பது வயது மனிதரை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அங்கேயே திருத்துங்கள்.

பிள்ளைகள் பக்கம் வரும் யாராக இருந்தாலும், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், காவல்துறைச் சரிபார்ப்பு வாங்குங்கள், முன்பு இருந்த இரண்டு இடத்தில் நேரில் விசாரியுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டம், மத நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அந்த நிறுவனத்துப் பிள்ளைக்கு எதிராகச் செய்யும் பாலியல் குற்றத்தைக் கடுமையான வகையில் வைத்திருக்கிறது. தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் இருப்பதும் குற்றம். "சபை மானம் போய்விடும், உள்ளேயே பேசி முடிப்போம்" என்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை, வேதத்திலும் இல்லை. ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற ஒரு விதியைச் சுவரில் ஒட்டுங்கள். ஆபீஸுக்கு ஒரு தங்கச்சி வேலைக்கு வருகிறார் என்றால் கதவில் கண்ணாடி வைக்க வேண்டும், மாலை இருட்டும் முன் வீட்டுக்குப் போகும் நேரம் வேண்டும், புகார் என்றால் யாரிடம் போவது என்பதைச் சேரும் நாளிலேயே சொல்ல வேண்டும். 10 பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்யும் பெண்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம் என்று பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ன் சட்டம் சொல்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காணிக்கைப் பணத்தைச் சம்பள ஆள் தனியாக எண்ணக் கூடாது. இரண்டு கமிட்டியார் எண்ணிக் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை வங்கியில் கட்ட வேண்டும். க்யூ.ஆர். அட்டை சபைக் கணக்குடையதாக மட்டும் இருக்கட்டும், யாருடைய சொந்த ஜீபே எண்ணும் வேண்டாம். இது அவரைச் சந்தேகப்படுவதற்கு இல்லை. நாளைக்கு ஆயிரம் ரூபாய் குறைந்தால் முதலில் அவர் தலையில்தான் விழும், அதிலிருந்து அவரைக் காப்பாற்றத்தான்.

கடைசியாக, நேரம். உங்கள் போதகருக்கு இந்த வருடம் மாற்றம் வரும் என்ற பேச்சு இருந்தால் ஆளை இப்போது எடுக்காதீர்கள். நோட்டு எழுதுவது, வேலை விவரம், கையிருப்பு சேர்ப்பது, குழு அமைப்பது எல்லாவற்றையும் இப்போதே முடித்துத் தயாராக வைத்துக்கொண்டு, புதியவர் வந்து மூன்று மாதம் ஆனதும் நேர்முகம் நடத்துங்கள். மாற்றம் இல்லை என்றால் அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே பெயர் எடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தைப் போட்டுவிட்டு, நோட்டு வாங்க ஆள் அனுப்புங்கள். நோட்டுகள் வந்ததும் வேலை விவரத்தை எழுதி அனுப்பினீர்கள் என்றால் நான் வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன்.